வாடையா, வாட்டரா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் செயலாளர் போன் செய்தார். "அண்ணே, நீங்க இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அமெரிக்காக்காரங்களோட போன்லயே குடித்தனம் நடத்தியிருக்கீங்க. அவங்க பேச்சு நம்ம காதுல எப்படி விழுதுன்னு பசங்களுக்குச் சொல்லுங்க" என்றார். எனக்கு மொழியியல் தெரியாது. நான் வணிகவியல் படித்தவன், அதையும் சுமாராகத்தான் படித்தேன் என்பதற்கு முன்வரிசையிலேயே சாட்சிகள் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போனதுகூட இரண்டே முறை, மொத்தம் 17 நாள். ஆனால் தொழிலுக்காக அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, அதில் அடிபட்டு, பிறகு கொஞ்சம் புத்தகமும் புரட்டி, சில விஷயங்களைத் தெரிந்துகொண்டேன். அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தது. நம் மரக்காணம் கடற்கரைக் குப்பங்கள் பட்ட பாடு இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். உதவி செய்ய வெளிநாட்டுக்காரர்கள் பலர் வந்து போனார்கள். அதில் ஒரு அமெரிக்கர், ஆறடி உயரம், வெயிலில் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்துபோயிருந்தார். எனக்கு இங்கிலீஷ் வரும் என்று யாரோ சொல்லிவிட, நான்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். குடிதண்ணீர் எப்படி வருகிறது என்பதுதான் அவர் கேட்க வந்தது. எங்கள் தெரு ஆயா ஒருத்தர் வாசலில் உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் உப்பளத்தில் வேலை பார்த்தவர், உள்ளங்காலெல்லாம் பாளம் பாளமாய் வெடித்திருக்கும். அமெரிக்கர் குனிந்து, கையையும் ஆட்டி, "வாடர்? வாடர்?" என்று கேட்டார்.

ஆயா என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, வாடையப் பத்தியா கேக்குறாரு? இன்னும் கொஞ்ச நாள்ல நின்னுடும், அப்புறம் குளிராதுன்னு சொல்லு" என்றார்.

ஜனவரி மாதம், வடக்கேயிருந்து வாடைக் காற்று வீசிக்கொண்டிருந்த சமயம். பாவம், வெள்ளைக்காரருக்குக் குளிருகிறதோ என்று ஆயாவுக்கு இரக்கம். அன்றைக்கு நான் சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், ஆயா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அந்த மனுஷர் வாயிலிருந்து வந்தது 'வாட்டர்' இல்லை, 'வாட'தான். நான் 'வாட்டர்' என்று கேட்டதற்குக் காரணம் என் காது இல்லை, பள்ளிக்கூடத்தில் நான் படித்த எழுத்து.

இதை விளக்க நம் தமிழே போதும். பட்டம், படம் என்று சொல்லிப் பாருங்கள். பட்டத்தில் ட் இரட்டித்து வருகிறது, நாக்கு மேலண்ணத்தில் அழுத்தி நிற்கிறது. படத்தில் ஒற்றை ட, இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்கிறது, நாக்கு லேசாகத் தட்டிவிட்டு ஓடிவிடுகிறது. பாட்டு, பாடு, காட்டு, காடு, எல்லாம் அப்படித்தான். ஒற்றையாக நடுவில் மாட்டிய வல்லெழுத்து மெலிந்துபோகும் என்பது நாம் யோசிக்காமலே கடைப்பிடிக்கிற வழக்கம். அமெரிக்கரும் ட விஷயத்தில் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார். வாட்டர் வாடர் ஆகிறது, பட்டர் படர் ஆகிறது, சிட்டி சிடி ஆகிறது. எழுதுகிறவர் என்ற பொருளில் வரும் ரைட்டரும், குதிரையோ பைக்கோ ஓட்டும் ரைடரும் பெரும்பாலான அமெரிக்கர் வாயில் ஏறத்தாழ ஒன்றுதான். டுவென்டி என்பது டுவெனி. இன்டர்நெட் என்பது இன்னர்நெட். பட்டன், மவுன்டன் மாதிரி வார்த்தைகளில் ட்-ஐத் தொண்டையிலேயே நிறுத்தி விழுங்கிவிடுவார்கள்.

நம் ஆட்களுக்கு அடிக்கடி தகராறு வரும் இடம் தர்ட்டீன், தர்ட்டி. பதின்மூன்றா, முப்பதா? வழி சுலபம். தர்ட்டீனில் ட் அழுத்தமாக வரும். முப்பதுக்கு வெறும் 'தர்டி'. நாக்கு தட்டிவிட்டு ஓடினால் முப்பது, அழுத்தி நின்றால் பதின்மூன்று. விலை பேசும்போது இந்த ஒரு விஷயம் எனக்குச் சோறு போட்டிருக்கிறது.

அடுத்து அந்த ர். அமெரிக்கப் பேச்சை மிமிக்ரி செய்கிற நம்மவர்கள் எல்லோரும் முதலில் பிடிப்பது இதைத்தான். வாயில் பபுள்கம்மைப் போட்டு மென்றுகொண்டு, மூக்கால் பேசி, எல்லா ர்-ஐயும் சுருட்டிவிடுவார்கள். சுருட்டுவது என்னவோ உண்மைதான். கார், பேர்ட், கேர்ள், வேர்ல்டு என்று வரும்போது அமெரிக்கரில் பலருக்கு நாக்கு எதையும் தொடாமல் உள்ளே மடங்கி நிற்கும். நமக்குத் தெரிந்த ஒலிகளில் அதற்கு மிக அருகில் இருப்பது எது தெரியுமா? நம் ழகரம். ஆமாம், 'தமிழுக்கே உரிய சிறப்பு ழகரம்' என்று மேடைக்கு மேடை நாம் மார்தட்டுகிறோமே, அதற்கு அடுத்த வீட்டு ஒலியை அமெரிக்காவில் டாக்ஸி ஓட்டுகிறவர்கூட நிமிஷத்துக்குப் பத்து தடவை சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டும் அச்சாக ஒன்றில்லை, ஆனால் உறவு நெருக்கம்.

இதில் எனக்கு ஒரு சொந்த வருத்தம் உண்டு. எங்கள் பக்கத்தில் பலருக்கு ழ வராது, ய வரும். வாழைப்பழம் எங்கள் வீட்டில் வாயப்பயம். மழை பெய்தால் உப்பளத்தில் வேலை போச்சு; அம்மா வானத்தைப் பார்த்து, "மய வருதுடா" என்பார்கள். ஐந்தாம் வகுப்பில் 'மயை' என்று வாசித்ததற்காக ஒரு நாள் முழுக்க பெஞ்சு மேல் நின்றிருக்கிறேன். அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவைத் திருத்தினேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் என் வாத்தியார்கள் யாராவது வீட்டுப் பக்கம் வந்தால் அம்மா வாயே திறப்பதில்லை என்பதை நான் கவனிக்கவே பல வருஷம் ஆயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது, உயிர் ஒலி. ஹாட், டாலர், டாக்டர், பாட்டில், காலேஜ், ஆபீஸ். நாம் எல்லாவற்றுக்கும் ஆ போடுகிறோம். லண்டன்காரர் உதட்டைக் குவித்து ஒகரம் மாதிரி சொல்வார். யாழ்ப்பாணத்துப் பத்திரிகையைப் பாருங்கள், டொலர், டொக்டர் என்றுதான் அச்சடிப்பார்கள், காப்பியைக்கூடக் கோப்பி என்பார்கள். அமெரிக்கர் 'டாலர்' என்றுதான் சொல்கிறார், ஏறக்குறைய நம்மை மாதிரி. இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்கர்கள் தமிழரிடையே முதலில் வந்து பள்ளிக்கூடம் கட்டிய இடம் யாழ்ப்பாணம்தான். வட்டுக்கோட்டையில் அவர்கள் செமினரி ஆரம்பித்தது 1823இல். 1819இல் இலங்கைக்கு வந்த மைரன் வின்ஸ்லோ பிறகு சென்னைக்கு வந்து, 1862இல் 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டார். அப்படிப்பட்ட யாழ்ப்பாணத்தில் டொலர், அமெரிக்க வாத்தியாரே இல்லாத நம் குக்கிராமத்தில் டாலர்! உச்சரிப்பு யார் சொல்லையும் கேட்பதில்லை.

நம் பக்கத்திலும் அமெரிக்கர் குரல் புதிதல்ல. ஆற்காடு அமெரிக்க மிஷன்காரர்கள் திண்டிவனத்தில் நெடுங்காலம் இருந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோதுதான் அந்த ராத்திரி வந்தது. ஒரே இரவில் மூன்று பேர், மூன்று வீட்டுப் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டர் வேண்டாம், நீ வா என்றார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் 1899இல் மருத்துவப் பட்டம் வாங்கித் திரும்பினார். இதெல்லாம் நம் மரக்காணம் பஸ் போய் நிற்கிற திண்டிவனத்தில் நடந்தது. அந்த மூன்று கதவுகளுக்குப் பின்னால் இருந்த தடை மொழி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி என் கதை. இங்கே படித்துக்கொண்டிருந்தபோது ராத்திரியில் ரேடியோவில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா கேட்பேன். அதில் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. 1959இல் ஆரம்பித்தார்கள். 1,500 வார்த்தைகளுக்குள் எழுதி, சாதாரணப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் நிறுத்தி நிறுத்திப் படிப்பார்கள். ஒரு வார்த்தை விடாமல் புரியும். ஆகா, நமக்கு அமெரிக்க இங்கிலீஷ் அத்துப்படி என்று நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் ஒருவர்கூட அந்த வேகத்தில் பேசுவதில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

1996இல் சென்னையில் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இறாலை எண்ணிக்கையில்தான் தரம் பிரிப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 21 முதல் 25 இறால் நின்றால் அது '21/25'. பெரிய இறாலாக இருந்தால் 16/20, சின்னதாகப் போனால் 26/30, இப்படிப் போகும். நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு ஏழரை அல்லது எட்டரை, அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதைப் பொறுத்து. ஒரு ராத்திரி அங்கிருந்து வாங்குபவர் போனில் வந்தார். நான் மட்டும்தான் ஆபீஸில். இந்த மாதம் 21/25-ஐ எடுத்துக்கொள்ள முடியும் என்று அவர் சொன்னதாகக் கேட்டேன். "ஓகே சார், தேங்க்யூ சார்." கன்டெய்னர் ஏறியது. மறுநாள் ஃபேக்ஸ் வருகிறது: முடியாது என்றல்லவா சொன்னேன், ஏன் ஏற்றினீர்கள்?

கேன் என்பதற்கும் கான்ட் என்பதற்கும் நடுவில் நான் விழுந்தேன். பள்ளியில் நாம் படித்தது பிரிட்டிஷ் வழி. முடியும் என்றால் கேன், முடியாது என்றால் கான்ட். உயிர் ஒலியே வேறு, காது ஏமாறவே முடியாது. அமெரிக்கர் முடியாது என்பதற்கும் கேன்ட் என்றுதான் சொல்கிறார், கடைசி ட்-ஐயும் வெளியே விடாமல் அடக்கிவிடுகிறார். மிச்சம் என்ன? கேன். எனக்கு எப்படித் தெரியும்?

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது எனக்குத் தெரிய இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று. அமெரிக்கர் 'முடியும்' என்று சாதாரணமாகச் சொல்லும்போது கேன் என்று முழுசாகச் சொல்வதில்லை. அழுத்தத்தைப் பின்னால் வரும் வினைக்குக் கொடுத்துவிட்டு, அதைக் 'க்ன்' என்று தேய்த்துவிடுவார். வி க்ன் டேக். அதே 'முடியாது' என்றால் கேன் என்று நீட்டி நிறுத்துவார். வி கேன்… டேக். ஆக, கேன் தெளிவாக விழுந்தால் பெரும்பாலும் முடியாது, தேய்ந்து விழுந்தால் முடியும். நம் புத்திக்கு நேர் தலைகீழ். தெளிவாகக் கேட்டதனாலேயே நான் 'முடியும்' என்று எடுத்துக்கொண்டேன். சரக்கை வேறு ஆளுக்குக் குறைந்த விலையில் தள்ளினார்கள், என் சம்பளத்தில் மூன்று மாதம் பிடித்தம். அந்தச் சமயத்தில்தான் தங்கச்சிக்குக் கல்யாணம். அதை விடுங்கள்.

நமக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இத்தாலியில் அட்ரியானோ செலன்டானோ என்று ஒரு பாடகர், 1972இல் ஒரு பாட்டு வெளியிட்டார். கேட்டால் சுத்தமான அமெரிக்க இங்கிலீஷ் மாதிரி இருக்கும். ஆனால் நடுவில் வரும் 'ஆல்ரைட்' தவிர ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் கிடையாது, எல்லாம் வெறும் சத்தம். அமெரிக்கப் பேச்சு இத்தாலியர் காதில் எப்படி விழுகிறதோ அதை அப்படியே எடுத்துப் பாடிவிட்டார். அமெரிக்கர்கள் அதைக் கேட்டால், "ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது, புரியவில்லையே" என்று தலையைச் சொறிவார்கள். எட்டரை மணி போனில் எனக்கு நேர்ந்தது அவர்களுக்கும் ஒரு மூன்று நிமிஷம் நேரட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பேச்சு என்று ஒன்று கிடையாது. திருநெல்வேலியும் கோயம்புத்தூரும் மாதிரி அங்கும் ஊருக்கு ஊர் வேறு. பாஸ்டன் பக்கத்தில் பழைய ஆட்கள் ர்-ஐ விட்டுவிடுவார்கள், கார் என்பது கா. அந்த ஊர்க்காரரான ஜனாதிபதி கென்னடி, இருக்கும் ர்-ஐ விட்டுவிட்டு, இல்லாத இடத்தில் ஒன்றைச் சேர்ப்பார். 1962இல் கியூபா நெருக்கடியில் உலகமே நடுங்கிக்கொண்டிருந்தபோது அவர் வாயில் அந்த நாடு 'கியூபர்'.

அதே 1962இல் நியூயார்க்கில் வில்லியம் லபோவ் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு காரியம் செய்தார். மூன்று பெரிய துணிக்கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர் போகும் சாக்ஸ், ஒன்று நடுத்தரமான மேசீஸ், ஒன்று மலிவு விலை எஸ். கிளைன். நான்காம் மாடியில் உள்ள ஏதாவது ஒரு பொருள் எங்கே என்று விற்பனையாளரிடம் கேட்பார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்று பதில் வரும். காது கேட்காதவர் மாதிரி இன்னொரு தடவை கேட்பார், இன்னொரு தடவை பதில் வரும். அப்புறம் மறைவாகப் போய்க் குறித்துக்கொள்வார், ர் வந்ததா, வரவில்லையா என்று. இப்படி 264 பேர். பணக்காரக் கடையில் ர் அதிகம், மலிவுக் கடையில் மிகக் குறைவு. நியூயார்க்கில் அப்போது ர்-ஐச் சொன்னால் கௌரவம்.

இப்போது லண்டனுக்குப் போங்கள். அங்கே படித்த பெரிய மனிதர் ர்-ஐச் சொல்ல மாட்டார், கா என்பார், வாட்ட என்பார். கிராமத்தான்தான் ர் சொல்வான் என்று அங்கே நினைப்பு. நியூயார்க்கிலேயே ஒரு காலத்தில் லண்டனைப் பார்த்து, ர்-ஐ விடுவதுதான் உயர்வு என்று இருந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டால் தெரியும், ர் அநேகமாக இருக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காற்று திரும்பியது. ஒரே ர். ஒரு ஊரில் மரியாதை, ஒரு ஊரில் கேலி. ஒரே ஊரிலும் ஐம்பது வருஷத்தில் தலைகீழ். அதைப் படித்த அன்று எனக்குப் பெஞ்சு மேல் நின்ற ஞாபகம் வந்தது.

இப்போது நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2000க்குப் பிறகு சென்னையில் கால் சென்டர்கள் பெருகின. நானும் இறாலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன். ராத்திரியெல்லாம் வேலை. முருகன் மைக் ஆனான், லட்சுமி லூசி ஆனாள். பேச்சை மாற்ற வகுப்புகள் நடந்தன. மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் இருக்கும், 'எம்.டி.ஐ.' என்று. தாய்மொழிப் பாதிப்பு என்பதன் சுருக்கம். ஏதோ மூளைக்காய்ச்சல் மாதிரி ஒரு பெயர். பெற்ற தாய் கொடுத்த மொழி, பாதிப்பாம். நான் இன்று இப்படி வீராவேசமாகப் பேசுகிறேன், அன்று அந்தக் கட்டத்தில் நானே டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.

2008இல் ஒரு நேர்முகத் தேர்வு. தேர்வுக் குழுவில் நானும் ஒருவன். ஒரு பெண் வந்தார். விண்ணப்பத்தில் நம் கல்லூரி, நம் கடற்கரை. அம்மா உப்பளத்தில் கூலி வேலை. நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. 'எக்ஸ்போர்ட்' அவர் வாயில் 'யெக்ஸ்போர்ட்', 'ஃபைவ்' அவருக்கு 'பை'. எனக்குப் பழக்கமான பேச்சு, என் வீட்டுப் பேச்சு. ஸ்பீக்கர் போனில் டெக்சாஸிலிருந்து வாடிக்கையாளர் கம்பெனி அதிகாரி ஒருவர். அவர் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்ல நினைத்து, பேனா இருக்கிறதா என்று கேட்டார். அந்தப் பெண் மேஜை மேலிருந்த குண்டூசி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துவைத்து, "யெஸ் சார், ஐ ஹேவ்" என்றார்.

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண்ணுக்கு எதற்கு என்று தெரியவில்லை, அவரும் மரியாதைக்குச் சிரித்தார். தாளில் நான் எழுதினேன்: எம்.டி.ஐ. அதிகம், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் குறைவு.

பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். டெக்சாஸ் உட்பட அமெரிக்காவின் தென்பகுதியில் மிகப் பலருக்குப் பென், பின் இரண்டும் ஒரே ஒலி. பென் என்பதையும் பின் என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கே குழப்பம் வருவதால் எழுதுகிற பேனாவை 'இங்க் பென்' என்று சேர்த்துச் சொல்லும் பழக்கம் அங்கே உண்டு. அன்று அந்த மனிதர் சொன்னது 'பின்'தான். அந்த அறையில் நாங்கள் ஐந்து பேர், எழுத்தை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே கேட்டது அந்தப் பெண் ஒருத்திதான். வாடர் என்றதை வாடை என்று கேட்ட எங்கள் ஆயா மாதிரி. காது சரியாக இருந்ததற்காக நான் ஃபெயில் போட்டேன். 1996இல் எனக்குப் புரியாமல் பேசிய நியூயார்க்காரரின் பெயருக்கு நேரே யாரும் எந்தத் தாளிலும் எதையும் குறிக்கவில்லை.

இப்போது கம்ப்யூட்டரே இந்த வேலையைச் செய்கிறது. உலகின் மிகப் பெரிய கால் சென்டர் நிறுவனங்களில் ஒன்றான டெலிபர்ஃபார்மன்ஸ், இந்தியாவில் வேலை பார்ப்பவர்கள் பேசப் பேச, அவர்கள் உச்சரிப்பை உடனுக்குடன் மாற்றி அமெரிக்கர் காதுக்கு அனுப்பும் மென்பொருளைப் பயன்படுத்துவதாக 2025இல் செய்தி வந்தது. நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், ராத்திரி முழுக்க நாக்கை முறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டம் குறையலாம். ஆனால் அமெரிக்கர் பேச்சை நம் காதுக்குத் தோதாக மாற்றித் தரும்படி யாரும் கேட்டதாகத் தெரியவில்லையே, அது ஏன் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மாணவர்களுக்கு ஒன்று. அமெரிக்கர் மாதிரிப் பேசப் பழகாதீர்கள். மூன்று நிமிஷம் வரும், நாலாவது நிமிஷம் வெளுத்துவிடும். காதைப் பழக்குங்கள். தினமும் அரைமணி நேரம் கேளுங்கள். எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், அதுதான் முக்கியம். உங்கள் பேச்சில் வேகத்தைக் குறையுங்கள், எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டுமோ அதில் அழுத்துங்கள், மற்றபடி உங்கள் நாக்கு உங்களுடையதாகவே இருக்கட்டும். புரியவில்லை என்றால் "ஒன்ஸ் மோர்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார். நீங்கள் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: இந்த மாதம் எடுத்துக்கொள்வீர்கள், இல்லையா? அப்படி ஒரு வாக்கியம் அன்றைக்கு நான் கேட்டிருந்தால் ஒரு கன்டெய்னர் இறால் தப்பித்திருக்கும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது, செயலாளர் கடிகாரத்தைத் தடவுகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டரை மணிக்கு வணிகவியல் துறையின் முதல் அறையில் இருப்பேன். நியூயார்க், டெக்சாஸ், மின்னசோட்டாவில் உள்ள நண்பர்கள் என் வேண்டுகோளுக்காகப் பேசி அனுப்பிய 40 வாக்கியங்கள் வைத்திருக்கிறேன். எல்லாம் முடியும், முடியாது; பதின்மூன்று, முப்பது; பென், பின். பேப்பரும் பென்சிலும் கொண்டுவாருங்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு 40க்கு 31தான். என்னைவிட அதிகம் வாங்குகிறவர்கள் இங்கே இருப்பீர்கள்.

இன்னொரு வேண்டுகோள், பழைய மாணவர்களுக்கு. 2008 வாக்கில் இங்கிருந்து சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய், பேனா கேட்டதற்குக் குண்டூசியை எடுத்துவைத்துத் திரும்பி வந்த ஒரு பெண்ணை உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். அவரே இந்த மலரைப் படிக்கவும் கூடும். அவர் பெயரை நான் அன்று சரியாகக்கூடக் கவனிக்கவில்லை. தெரிந்தவர்கள் என்னிடம் சொல்லுங்கள்.